தஞ்சாவூரில் அறுந்த கயிறு

டெலிபோட்டோ லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு காடு மேடு அலைகிறவர்களோடு பேசிப் பாருங்கள். லென்ஸ் கீழே விழுந்து கண்ணாடி சில்லுச் சில்லாகப் போய்விட்டால் அவர்கள் அதிகம் துக்கப்படுவதில்லை. போனது போயிற்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அவர்களை வதைப்பது வேறு ரகம். கண்ணாடி முழுசாக இருக்கும். அதைத் தாங்கி நிற்கும் குழலோ வளையமோ ஒரு மயிரிழை கோணியிருக்கும். படத்தின் ஓர் ஓரம் தெளிவாக விழும். மறு ஓரம் கலங்கும். துணியைச் சுற்றி, நூலைக் கட்டி, அட்டைத் துண்டைச் செருகி அன்றையப் பொழுதை ஓட்டிவிடுவார்கள். ஆனால் அதற்கப்புறம் எடுத்த ஒவ்வொரு படத்தையும் ஒரு சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இந்தச் சங்கடம் போட்டோக் கலையைவிட வயதில் மூத்தது. போட்டோ என்ற வார்த்தையே பிறக்காத 1808-ஆம் வருஷத்தில், நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில், இந்தியாவிலேயே பெரிய அளவைத் தூரதர்சினி ஒன்று சுவரில் மோதிக் கோணிப்போயிற்று. அதைக் கூடாரத்துக்குள் வைத்து ஆப்பும் கப்பியும் கொண்டு நிமிர்த்தினார்கள். அந்தக் கதையை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

யந்திரத்தின் சொந்தக்காரர் வில்லியம் லாம்டன். அப்போது ஐம்பதைத் தாண்டியவர். பட்டாளக்காரர் என்று பெயரே தவிர, மனசெல்லாம் கணக்கில். அமெரிக்காவில் இருந்த நாளில் சூரிய கிரகணத்தைத் தகுந்த மறைப்பு இல்லாமல் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார். ஆக, தென்னிந்தியா முழுவதையும் அவர் அளந்தது ஒற்றைக் கண்ணால். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து யுத்தத்தின்போது ஓர் இரவு, பேர்டு என்ற ஜெனரலின் படையோடு இருட்டில் போய்க்கொண்டிருந்தார். நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, “நாம் தெற்கே போகவில்லை, வடக்கே எதிரியை நோக்கிப் போகிறோம்” என்று சொல்லியிருக்கிறார். நட்சத்திரத்தைக் கேட்டு வழி நடக்க வேண்டிய அவசியம் தமக்கு இல்லை என்று ஜெனரலுக்குக் கோபம் வந்துவிட்டதாம். கடைசியில் நட்சத்திரம் சொன்னதுதான் நிஜம் என்று ஆயிற்று.

திப்பு சுல்தான் வீழ்ந்த கையோடு கும்பினியார் கையில் பெரிய தேசம் வந்து விழுந்தது. கையில் வந்த சொத்துக்குப் படம் வேண்டுமே! லாம்டன் கேட்டது வெறும் படம் மட்டுமில்லை. பூமியின் உருண்டை எங்கே தட்டையாக இருக்கிறது, ஒரு டிகிரிக்கு எத்தனை மைல் என்பதையும் சேர்த்து அளந்துவிடலாம் என்று விண்ணப்பம் போட்டார். கும்பினியாருக்கு வரி முக்கியம். அவருக்கு பூமி முக்கியம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1802 ஏப்ரலில் பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. மக்கார்ட்னி பிரபு 1793-ல் சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன சாமான்களில் அது ஒன்று. சக்கரவர்த்தி வேண்டாம் என்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறி இந்தியா வந்து லாம்டனிடம் சேர்ந்தது. அடிக்கோடு ஒன்று கிடைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் கோணக் கணக்கு. கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்து, கோணத்தை அளந்தால், குன்றின் தூரம் வந்துவிடும். அந்தத் தூரமே அடுத்த முக்கோணத்துக்கு அடி. இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கோத்துக்கொண்டே கன்னியாகுமரி வரை போய்விடலாம். சங்கிலியைத் தொட வேண்டியதே இல்லை. தப்பு எங்கேயாவது குவிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் நடுநடுவே ஓர் அடிக்கோட்டை அளந்து ஒத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

கோணத்தை அளக்கிற யந்திரம்தான் தியோடலைட். ஒரு தூரதர்சினி, அதற்குக் கீழே டிகிரிக் கோடுகள் கீறிய ஒரு வட்டம், கோடுகளைப் படிக்க எதிரெதிராக இரண்டு மைக்ராஸ்கோப்புகள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் லாம்டனுக்காக லண்டனில் கேரி என்ற கருவித் தொழிலாளி செய்த தியோடலைட்டின் வட்டம் 36 அங்குல விட்டம். எடை அரை டன். அது வந்து சேர்ந்ததே பெரிய காரியம். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் சண்டை நடந்த காலம். கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்தார்கள், பீரங்கி இல்லை, விஞ்ஞானக் கருவி என்று தெரிந்தது. மரியாதையாகப் பெட்டியை மூடி, ஒரு கடிதமும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். சத்துருவிடம் இந்த மட்டு மரியாதை இருந்த காலமும் ஒன்று இருந்திருக்கிறது.

ஆனால் சொந்தக்காரர்களிடம் அந்த மரியாதை குறைவுதான். சென்னை நிதி சபை அங்கத்தினர் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குகிறவனிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவு எதற்கு என்று கேட்டாராம். லாம்டன் செலவுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டியிருந்தது. காட்டவும் செய்தார். சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே பழைய படங்கள் 400 மைல் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவர் அளந்தபோது 360 மைல்தான் வந்தது. தேசத்தின் அகலத்தில் நாற்பது மைல் காற்றில் போயிற்று! 1804-ல் பெங்களூருக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து ஒத்துப் பார்த்தபோது, பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களாலேயே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்குள் அடங்கிவிட்டது.

மைசூர்ப் பக்கம் இருந்த வரையில் குன்றுக்குக் குறைவில்லை. உச்சியில் ஏறி நின்றால் முப்பது மைல், நாற்பது மைல் தெரியும். காவேரிப் படுகைக்கு வந்ததும் சங்கடம் பிடித்தது. தஞ்சாவூர்ச் சீமையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்; வயலுக்கு அப்பால் தென்னந்தோப்பு; தோப்புக்கு அப்பால் மறுபடி வயல். மேடு என்று சொல்ல ஓர் ஆற்றங்கரை உண்டு, அவ்வளவுதான். அந்தச் சமதளத்தில் தென்னைக்கு மேலே தலை தூக்கி நிற்பவை கோயில் கோபுரங்கள் மட்டுமே. லாம்டன் கோபுரங்களின் மேல் ஏறினார்.

தஞ்சையில் அப்போது இரண்டாம் சரபோஜி பட்டத்தில் இருந்தார். ராஜ்யத்தைக் கும்பினியிடம் விட்டுவிட்டுப் புஸ்தகங்களோடும் வைத்தியத்தோடும் வாழ்ந்தவர். இன்றைக்கும் சரசுவதி மகால் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1803-ல் தம் வம்ச சரித்திரம் முழுவதையும் பெரிய கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்தவரும் அவர்தான். அந்தக் கல்லெழுத்தின் வெண்மை மாறுவதற்குள் அதே கோயிலுக்கு இந்த அரை டன் விருந்தாளி வந்து சேர்ந்தது.

பெரிய கோயில் விமானத்தை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று நிலை. நேராக ஏறும் சுவர் இல்லை. அடுக்கடுக்காக உள்வாங்கிக்கொண்டே போகிற மலை. ஒவ்வொரு நிலையிலும் கூடும் சாலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உச்சிக் கல் எண்பது டன் என்றும், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி அதை ஏற்றினார்கள் என்றும் தஞ்சாவூரில் குழந்தைகூடச் சொல்லும். ராஜராஜனுக்குப் பொறுமை இருந்தது. லாம்டனுக்குக் கப்பியும் வடமும்தான் இருந்தன. இம்மாதிரி சரிந்த சுவரின் பக்கமாக ஒரு பாரத்தை நேரே இழுத்தால் அது வழியெல்லாம் இடித்துக்கொண்டே ஏறும். ஆகையால் மேலிருந்து தூக்க ஒரு வடம். கீழிருந்து சுவரைவிட்டு விலக்கிப் பிடிக்க இன்னொரு கயிறு. தூக்குகிற வடத்தின் பேரில்தான் எல்லாருக்கும் கண் இருக்கும். அது அறவில்லை. விலக்கிப் பிடித்த கயிறு அறுந்தது.

அரை டன் பாரம் ஊஞ்சல் மாதிரி வந்து சுவரில் அடித்தது.

பெட்டிக்குள்தான் இருந்தது. இருந்தும் அடி சரியான இடத்தில் விழுந்துவிட்டது: வட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கவ்வியின் மேலும், அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிற திருகாணியின் மேலும். அந்த அதிர்ச்சி அப்படியே வட்டத்துக்குப் போய், வட்டம் நெளிந்தது. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரக்கால்களும் வளைந்தன.

நெளிந்தது என்றால் எவ்வளவு என்று கேட்கலாம். எவ்வளவாக இருந்தாலும் அதிகம்தான். மூன்றடி வட்டத்தின் விளிம்பில் ஒரு டிகிரிக்கு இடம் ஏறக்குறைய மூன்றில் ஓர் அங்குலம். அந்த இடத்தை 3,600 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விநாடி. லாம்டன் பிடிக்கப் பார்த்தது விநாடிகளை. அதாவது விளிம்பில் ஓர் அங்குலத்தில் பதினோராயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஒரு பங்கு பிசகினால் முப்பது மைலுக்கு அப்பால் உள்ள குன்று ஒன்பது அங்குலம் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற நெளிவு என்றால் குன்றுகள் ஊர்விட்டு ஊர் போய்விடும்! கண்ணாடி உடைந்திருந்தால் தேவலை என்று சொன்னது இதனால்தான். உடைந்த கண்ணாடி எதையும் காட்டாது. நெளிந்த வட்டம் எல்லாவற்றையும் காட்டும், பொய்யாக.

புதிசு வரவழைக்கலாமே என்றால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கடிதம் இங்கிலாந்து போய்ச் சேர ஐந்தாறு மாசம். இம்மாதிரி வட்டத்துக்குக் கோடு கீறவும் மாசக் கணக்கு. திரும்பி வர இன்னும் ஐந்தாறு மாசம், வழியில் பிரெஞ்சுக்காரன் விட்டால். அதுவரை சர்க்கார் பொறுத்திருக்குமா? பல்லக்குக்காரனிடம் சொன்னால் போதாதா என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? லாம்டன் மனசில் இதுவும் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் கூடாரத்துக்குள் போய்ப் படுதாவை இறக்கிவிட்டார். ஆறு வாரம். வேலைக்காரர்களில் முக்கியமானவர்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே இடமில்லை.

யந்திரத்தை அக்கக்காகக் கழற்றினார்கள். பெரிய, சமமான பலகை ஒன்றை எடுத்து, வட்டம் எந்த அளவு இருக்க வேண்டுமோ அதே அளவில் அதில் ஒரு வட்டம் வெட்டினார்கள். நெளிந்த வட்டத்தை அதற்குள் வைத்து, உள்ளே ஒடுங்கின இடங்களை ஆப்பு அடித்தும், திருகாணியை முறுக்கியும், கப்பியில் கயிறு கட்டி இழுத்தும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வாங்கினார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச் சுத்தியல்களால் தட்டித் தட்டிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரும்புச் சுத்தியல் பட்டால் உலோகம் விரிந்துவிடும்; மரம் பட்டால் வளைவு மட்டும் நிமிரும். இது நம் ஊர்ப் பாத்திரக்கடையில் குடத்து ஒடுக்கு எடுப்பவருக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் குடத்துக்கு விநாடிக் கணக்கு கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு, எத்தனை தரம் மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்திருப்பார்கள், எத்தனை தரம் அதிகமாகத் தட்டிவிட்டு மறுபுறம் திருப்பித் தட்டியிருப்பார்கள்! ஆறு வாரம் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆறு வாரத்தில் முடிந்ததுதான் ஆச்சரியம்.

வட்டம் ஏறக்குறையப் பழைய உருவத்துக்கு வந்தது. இந்த ‘ஏறக்குறைய’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பலகையில் வெட்டின வட்டம் எத்தனை நுட்பமாக இருந்தாலும் அங்குலத்தில் பதினோராயிரத்தில் ஒரு பங்குக்கு நுட்பமாக இருக்காது. அப்படியானால் அதை எப்படி நம்பி வேலை செய்தார்?

இங்கேதான் முக்கோணம் கைகொடுக்கிறது. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பூமி உருண்டையானபடியால் அதன் மேல் விழும் பெரிய முக்கோணத்தில் கொஞ்சம் கூடும். பக்கத்துக்கு முப்பது மைல் என்றால் ஐந்து விநாடி கூடும். ஆகவே மூன்று உச்சியிலும் ஏறி மூன்று கோணத்தையும் அளந்து கூட்டினால், யந்திரத்தின் யோக்கியதை அங்கேயே வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு சாட்சி. எதிரெதிரே இருக்கும் இரண்டு மைக்ராஸ்கோப்புகளில் படித்துச் சராசரி எடுத்தால் வட்டத்தின் மையம் விலகியதால் வரும் பிழை அடிபட்டுப் போகும். வட்டம் முட்டை வடிவமாக நெளிந்திருந்தால் அந்தத் தந்திரம் பலிக்காது. அப்போது வட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, வெவ்வேறு கோடுகளில் அதே கோணத்தைப் பலமுறை அளக்க வேண்டும். ஓர் இடத்தில் கூடினது இன்னோர் இடத்தில் குறையும். லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் இதை ஒரு சட்டமாகவே ஆக்கினார். மலைக்குப் பேர் கொடுத்தவரேதான். கெட்ட யந்திரத்தோடு நெடுநாள் குடித்தனம் நடத்தியவருக்கு இப்படிப்பட்ட சட்டங்கள் தோன்றுவது இயற்கை.

லாம்டன் நிமிர்த்திய யந்திரத்தோடு தெற்கே போனார். 1809-ல் கன்னியாகுமரிக் கோடிவரை முக்கோணங்கள் எட்டின. பிறகு வடக்கே திரும்பினார். கூத்தி, பீதர், ஹைதராபாத் என்று வருஷம் வருஷமாக ஏறிக்கொண்டே போனார். 1823 ஜனவரியில், நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. அதுவரையில் தஞ்சாவூரில் அடிபட்ட வட்டம் அவரைக் கைவிடவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவு தாட்சிணியம் காட்டவில்லை. எவரெஸ்ட் 1830-ல் சீமையிலிருந்து புது யந்திரங்களோடு திரும்பினார். பீதரிலிருந்து வடக்கே ஏற்கெனவே அளந்ததையும் 1838-க்கு மேல் மறுபடி அளக்க வைத்தார். தெற்குப் பகுதிக்கும் முறை வந்தது. 1860-களின் கடைசியில் பெங்களூரிலும் கன்னியாகுமரியிலும் புதிதாக அடிக்கோடு அளந்து, முக்கோணங்களைத் திரும்பக் கோத்தார்கள். இதைச் சிலர் லாம்டனுக்குக் குறைவாகப் பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுபது வருஷம் ஒரு தேசம் முழுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான் படம் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குள்ள குறை வேறு. அந்தக் கூடாரத்துக்குள் போன வேலைக்காரர்கள் யார்? விபத்தையும் பலகையையும் ஆப்பையும் பற்றி நமக்குத் தெரிவது எவரெஸ்ட் எழுதியதாலும், பிறகு 1871-ல் மார்க்கம் என்பவர் நில அளவைச் சரித்திரம் எழுதியதாலும். எவரெஸ்ட் இந்த வேலையில் சேர்ந்ததே 1818-ல். தஞ்சாவூர் விபத்து நடந்து பத்து வருஷம் கழித்து. கேட்டதைத்தான் எழுதினார். கேட்டதில் லாம்டன் இருக்கிறார், கயிறு இருக்கிறது, மரச் சுத்தியல்கூட இருக்கிறது. சுத்தியலைப் பிடித்த கை இல்லை. ஐம்பது வயது தாண்டிய, ஒற்றைக் கண்ணுள்ள ஒரு துரை ஆறு வாரமும் தாமே தட்டிக்கொண்டிருந்தார் என்று நான் நம்பத் தயாராயில்லை. எங்கே ஒடுக்கு இருக்கிறது என்று அவர் விரலை வைத்துக் காட்டியிருப்பார். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பது தட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

அந்த யந்திரத்தின் பிற்காலச் சரித்திரத்தில் ஒரு பெயர் அகப்படுகிறது. எவரெஸ்ட் 1830-ல் தம்மோடு பாரோ என்ற கருவித் தொழிலாளியைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். லாம்டனின் பழைய தியோடலைட்டைப் பிரித்துப் போட்டுப் புதிதாக ஆக்கியவர் அவர்தான். அது மறுபடி வேலைக்குப் போயிற்று. இப்போது டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் வசம் பத்திரமாக இருக்கிறது. பாரோவின் பட்டறையில் வேலை செய்தவர் சையத் மீர் மொஹ்ஸின் உசேன். ஆர்க்காட்டுக்காரர். சென்னைப் பட்டணத்தில் ஒரு நகைக்கடையில் வேலையாக இருந்தவரைப் பிளாக்கர் என்ற நில அளவைத் தலைவர் கண்டெடுத்துக் கல்கத்தாவுக்கு வரவழைத்தார். தோட்டுக்குத் திருகு செய்த கை தியோடலைட்டுக்குத் திருகாணி செய்தது. பாரோ போன பிறகு, வானத்தை நோக்கும் பெரிய வட்டங்களுக்குப் புதிதாகக் கோடு கீறுகிற வேலை அவரிடம் வந்தது. பாரோ இருந்த ஸ்தானத்துக்கு அவரையே போட வேண்டும் என்று எவரெஸ்ட் மேலே எழுதினார். எவரெஸ்ட் லேசில் யாரையும் மெச்சுகிற மனுஷர் இல்லை. அவரிடம் திட்டு வாங்கின வெள்ளைக்காரர்கள் பட்டியல் நீளம்.

1843-ல் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் மட்டும் பாரோவுக்குக் கொடுத்த அளவு இல்லை.